கோவையில் பிறந்தவர், மலபாரில் வளர்ந்தவர், யாராலும் படிக்க முடியாத எழுத்தை வரைந்தவர்: யார் இந்த கே.சி.எஸ். பணிக்கர்?

சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் தாளவாடி பஸ் ஏறினால், பண்ணாரி தாண்டியதும் மலைப்பாதை ஆரம்பிக்கும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். திம்பம் ஏறி, ஆசனூர் கடந்து தாளவாடியில் இறங்கும்போது தமிழுக்குப் பக்கத்திலேயே கன்னட எழுத்தும் கண்ணில் படும். வீட்டில் கன்னடம், பள்ளியில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும் கலந்து என்று வளரும் பிள்ளைகள் அங்கே நிறைய. மலைக்குள் சோளகர், ஊராளி மக்களின் பேச்சு தனி. கீழே சமவெளியில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு.

இப்படி வளரும் ஒரு பிள்ளைக்கு படம் வரையும் கை வாய்த்தால், அந்தப் படத்தில் எந்த ஊர் வரும்? எந்த மொழி வரும்?

நூறு வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியோடு வளர்ந்த ஒருவர் உண்டு. சத்தியமங்கலமும் சேர்ந்திருந்த அன்றைய கோவை மாவட்டத்தின் தலைநகரில் பிறந்தவர். பின்னாளில் இந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்களில் ஒருவரானார். கேரளம் அவரைத் தன் ஓவியர் என்கிறது. சென்னை ஓவிய உலகம் அவரைத் தன் ஆசான் என்கிறது. அவர் பிறந்த கோவையில் அந்தப் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம்தான்.

அவர்தான் கோவலேழி சீரம்பத்தூர் சங்கரன் பணிக்கர். சுருக்கமாக, கே.சி.எஸ். பணிக்கர்.

மலையாளக் குடும்பம், பிறந்தது கோவை

1911-ம் ஆண்டு மே 31-ம் தேதி கோவையில் பிறந்தார் பணிக்கர். மலையாளக் குடும்பம் கோவையில் எப்படி என்று இன்றைய மேப்பை வைத்து யோசித்தால் குழப்பமாக இருக்கும். அன்றைக்கு மேப்பே வேறு. கோவையும் மலபாரும் ஒரே மெட்ராஸ் மாகாணத்தின் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள். சத்தியமங்கலம் அப்போது கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் பிரிந்தது 1979-ல்தான்.

பாலக்காட்டுக் கணவாய் என்பது மலைத்தொடரில் இயற்கையே விட்டு வைத்த வாசல். காற்று, மழை, வண்டி, ஆள் எல்லாம் அந்த வழியாகத்தான் போய் வரும். மெட்ராஸில் இருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரைக்கும் 1862-லேயே ரயில் ஓடியது. மலபார்க்காரர் கோவைக்கு வருவதும், கோவைக்காரர் மலபாருக்குப் போவதும் அப்போது பக்கத்து ஊருக்குப் போய் வருவது மாதிரிதான். இடையில் மாநில எல்லை என்று ஒன்று கிடையாது.

பணிக்கர் வளர்ந்தது பொன்னானிப் பகுதியில். இன்றைக்கு அது கேரளத்தின் மலப்புறம் மாவட்டம். பாரதப்புழை கடலில் கலக்கும் இடம். இங்கே ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அந்த ஆற்றுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு பொள்ளாச்சிப் பக்கத்து ஆழியாறு கொண்டு போவது. கொங்கு நாட்டில் பெய்த மழைதான் பொன்னானியில் போய் அரபிக் கடலில் விழுகிறது.

தென்னந்தோப்பு, கால்வாய், தோணி, பச்சை, மீண்டும் பச்சை. பணிக்கர் 12 வயது வாக்கில் வரைய ஆரம்பித்தது இதைத்தான். 17 வயதுக்குள் மெட்ராஸில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெறத் தொடங்கிவிட்டன.

கண்ணுக்குப் பச்சை என்றால், அந்தக் கடற்கரையின் இன்னொரு சொத்து எழுத்து. மலையாள எழுத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனின் திரூர், ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பொன்னானியோ இஸ்லாமியக் கல்விக்குப் பெயர் போன பழைய துறைமுகம். அங்கே மாப்பிள்ளை முஸ்லிம்கள் மலையாள மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். கோயிலில் ஓலைச்சுவடி, வீட்டில் ஜாதகக் கட்டம், பள்ளியில் ஆங்கிலம். ஒரே ஊரில் இத்தனை எழுத்து. இவ்வளவும் சிறுவன் பணிக்கரைச் சுற்றி இருந்தது.

ஆனால் அவர் இதில் எதையும் வரையவில்லை. தோப்பையும் தோணியையும்தான் வரைந்தார். எழுத்து அவர் படத்துக்குள் வந்து சேர இன்னும் நாற்பது வருடம் ஆகும்.

18 வயதில் குடும்பப் பாரம்

அந்த நாற்பது வருடத்தில் முதலில் வந்தது அப்பாவின் மரணம். பணிக்கருக்கு அப்போது 18 வயது. காலேஜ் படிப்பு பாதியில் நின்றது. குடும்பத்தைக் காப்பாற்ற தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

திறமை உள்ள பையன், கண்காட்சியில் படம் வைத்தவன், திடீரென்று சம்பளத்துக்கு ஆபீஸ் போகிறான். இந்தக் கதை நம் வீடுகளில் எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது? பெரும்பாலும் அத்தோடு கலர் பெட்டி பரணுக்குப் போய்விடும். பணிக்கர் விஷயத்தில் அது போகவில்லை. சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு, 1936-ல் மெட்ராஸ் அரசு கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். வயது 25. இந்த வயதில் மற்றவர்கள் படிப்பை முடித்து வேலையில் நிலைத்திருப்பார்கள். இவர் வேலையை விட்டுப் படிக்க வந்தார்.

சென்னையில் எழும்பூர், பெரியமேடு பக்கம் போகிறவர்கள் அந்தச் சிவப்புக் கட்டடங்களைப் பார்த்திருக்கலாம். இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் தொடங்கியது. பணிக்கர் சேர்ந்தபோது அதன் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வங்காளி. மெரினாவில் உழைப்பாளர் சிலை தெரியும்தானே? அதைச் செய்தவர் இவர்தான். மெரினா காந்தி சிலையும் இவர் கைவண்ணம்.

ஆக, ஆங்கிலேயர் தொடங்கிய பள்ளியில், தமிழர்களின் ஊரில், ஒரு வங்காளியிடம் பாடம் படித்தார் கோவையில் பிறந்த ஒரு மலையாளி. 1940-ல் படிப்பு முடிந்தது. அடுத்த வருடமே அதே பள்ளியில் ஆசிரியரானார்.

பம்பாய்க்கு மூன்று வருடம் முன்னால்

இந்திய நவீன ஓவியம் என்றதும் எல்லோரும் சொல்வது பம்பாயை. எம்.எஃப். ஹுசேன், எஃப்.என். சூசா, எஸ்.எச். ரசா எல்லாம் சேர்ந்த முற்போக்கு ஓவியர் குழு அங்கே 1947-ல் தொடங்கியது. மெட்ராஸில் பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியது 1944-ல். மூன்று வருடம் முன்னால். இந்தத் தகவல் ஏனோ பலர் வாயில் வருவதில்லை. மெட்ராஸ் எப்போதுமே தன்னைப் பற்றிச் சத்தம் போடாத ஊர்.

இந்தக் காலத்துப் பணிக்கர் எப்படி வரைந்தார்? மலபாரின் வெளிச்சம் நிறைந்த நீர்வண்ண நிலக்காட்சிகள் ஒரு பக்கம். மனித உருவங்கள் இன்னொரு பக்கம். ஏசு வருவார், புத்தர் வருவார், தாயும் பிள்ளையும் வருவார்கள். தடித்த தூரிகை வீச்சில் டச்சு ஓவியர் வான்கோவின் சாயல் இருக்கும். நல்ல படங்கள்தான். மெட்ராஸிலும் டெல்லியிலும் தனிக் கண்காட்சிகள் நடந்தன, பெயரும் வந்தது.

1954-ல் முதல்முறையாக ஐரோப்பா போனார். லண்டனிலும் பாரீஸிலும் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அதுவரை அச்சுப் பிரதிகளில் பார்த்த ஐரோப்பிய ஓவியங்களை நேரில் பார்த்தார். அந்தத் தலைமுறை இந்திய ஓவியர்கள் எல்லோரையும் பிடித்தாட்டிய சங்கடம் ஒன்று உண்டு. இங்கே புதுமை என்று கொண்டாடப்படுவது அங்கே போனால் பழைய பாடமாக இருக்கும். வான்கோவின் ஊருக்கே போய் வான்கோ மாதிரி வரைந்து காட்டினால் யார் மலைப்பார்கள்? சரி, அது வேண்டாம், அஜந்தாவையும் முகலாயச் சிற்றோவியத்தையும் பார்த்து வரையலாம் என்றால், அந்த வழியில் வங்காள ஓவியர்கள் ஏற்கனவே போய் முடித்துவிட்டார்கள்.

அப்படியென்றால் எது நம்முடையது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பணிக்கர் கிட்டத்தட்ட பத்து வருடம் அலைந்தார். 1950-களின் கடைசியில் அவர் வரைந்த தோட்டம் வரிசைப் படங்களைப் பார்த்தால் அந்த அலைச்சல் தெரியும். உருவங்களின் கனம் குறைகிறது. தூரம், அருகு என்ற ஐரோப்பியக் கணக்கு கழன்று விழுகிறது. கோலம் போட்ட தரை மாதிரி எல்லாம் ஒரே தளத்துக்கு வருகின்றன.

இதற்கிடையில் வெளியே மேப் மாறியது. 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்தபோது மலபார் கேரளத்தோடு போனது. கோவை மெட்ராஸோடு நின்றது. பிறந்த ஊர் ஒரு மாநிலம், வளர்ந்த ஊர் இன்னொரு மாநிலம் என்று ஆனது. அதற்கு அடுத்த வருடம், 1957-ல், ராய் சௌத்ரிக்குப் பிறகு மெட்ராஸ் கலைப் பள்ளியின் முதல்வர் பொறுப்புக்கு வந்தார் பணிக்கர்.

1963: ஒரு நோட்டுப் புத்தகம்

திருப்பம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கோயில் சுவரில் இருந்தோ, பழைய சுவடியில் இருந்தோ இல்லை. ஒரு காமர்ஸ் மாணவரின் நோட்டுப் புத்தகம் போன்ற ஒன்றில் இருந்து புதிய உருவங்கள் முளைத்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பக்கம் முழுக்க எண்கள், கணக்குக் குறிகள், ரோமன் எழுத்துகள், கோடுகள், கட்டங்கள். படிக்கிறவருக்கு அது பாடம். படிக்காமல் வெறுமனே பார்த்தால்? அது ஒரு சித்திரம்.

1963-ல் அவர் அப்படித்தான் வரையத் தொடங்கினார். முதலில் வந்தவை எண்களும் ரோமன் எழுத்துகளும். சீக்கிரமே அந்த இடத்தை மலையாள எழுத்து பிடித்துக்கொண்டது. கூடவே ஜாதகக் கட்டம் வந்தது. யந்திரத் தகட்டில் இருக்கும் முக்கோணமும் வட்டமும் வந்தன. பாம்பு, மீன், பறவை என்று குட்டிக் குட்டி உருவங்கள் ஓரத்தில் வந்து உட்கார்ந்தன. பழுத்த ஓலையின் மங்கலான வெள்ளை, காவி, துருச் சிவப்பு, பாசிப் பச்சை என்று நிறங்களும் அடங்கின.

இந்த வரிசைக்குப் பெயர் சொற்களும் குறியீடுகளும். சாகும் வரை, கிட்டத்தட்ட 13 வருடங்கள், இதைத்தான் வரைந்துகொண்டிருந்தார். இன்று பணிக்கர் என்றால் உலகம் நினைப்பது இந்தப் படங்களைத்தான்.

இதைத் தொடங்கும்போது அவருக்கு வயது 52. கலந்த மரபில் பிறந்துவிட்டால் அது தானாகவே படத்தில் வந்துவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பணிக்கருக்கு ஜாதகக் கட்டமும் மலையாள எழுத்தும் பிறந்ததில் இருந்து வீட்டிலேயே இருந்தவை. அவை படம் என்று அவர் கண்ணுக்குத் தெரிய வான்கோ வழியாகவும், லண்டன் வழியாகவும், ஒரு கணக்கு நோட்டு வழியாகவும் சுற்றி வர வேண்டியிருந்தது. தினமும் பார்க்கும் பொருளைப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம் போலிருக்கிறது.

படித்துப் பார்த்தால் என்ன எழுதியிருக்கிறது?

ஒன்றும் எழுதியிருக்காது. அதுதான் விஷயம்.

மலையாளம் தெரிந்தவர் இந்தப் படத்தின் முன்னால் நின்றால் முதலில் சந்தோஷப்படுவார். நம்ம எழுத்து என்று கிட்டே போவார். ஒரு வரியைப் படிக்கப் பார்ப்பார், முடியாது. எழுத்து மாதிரி இருக்கும், சில இடத்தில் எழுத்தாகவே இருக்கும், ஆனால் கோர்த்தால் சொல் வராது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கும் அதே நிலைமைதான். கன்னடக்காரருக்கும் அப்படியே. ஜோசியர் வந்து பார்த்தாலும் அந்தக் கட்டத்தை வைத்துப் பலன் சொல்ல முடியாது. 12 வீடும் நடுவில் காலி இடமும் கொண்ட அந்தக் கட்டம் தமிழ் வீட்டு ஜாதகத்திலும் மலையாள வீட்டு ஜாதகத்திலும் ஒன்றுதான் என்பதால், நமக்கும் அது பழகிய முகம். ஆனாலும் பிடிபடாது.

பணிக்கர் அர்த்தத்தை வேண்டுமென்றே கழற்றிவிட்டார். எழுத்தின் வளைவு, சுழி, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே விடும் சந்து, பக்கம் நிறைந்திருக்கும் விதம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். எழுத்தை எழுத்தாகப் பார்க்க வைக்க, அதைப் படிக்க முடியாமல் செய்ய வேண்டியிருந்தது.

எழுத்தையும் படத்தையும் இப்படிக் குழைப்பது நம் மொழிகளுக்குப் புதிதல்ல. பழந்தமிழில் எழுதுதல் என்றால் வரைவதும்தான். ஓவியத்தையும் எழுதுவார்கள். கண்ணுக்கு மை தீட்டுவதைக் கண்ணெழுதுவது என்று மலையாளத்தில் இப்போதும் சொல்கிறார்கள். கேரளக் கோயில்களிலும் காவுகளிலும் ஐந்து நிறப் பொடியால் தரையில் தெய்வ உருவம் வரையும் சடங்குக்குப் பெயரே களமெழுத்து. வரைவதற்கும் எழுதுவதற்கும் ஒரே சொல் வைத்திருந்த இரண்டு மொழிகளின் நடுவில் வளர்ந்தவர் பணிக்கர். அதை யோசித்துத்தான் அவர் இப்படிச் செய்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் படங்களைப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு இது நல்ல கைவிளக்கு.

இன்னொன்றும் உண்டு. இது மலையாள எழுத்து, நமக்கென்ன என்று ஒதுக்கவும் முடியாது. இன்றைய மலையாள எழுத்துக்கு மூலம் கிரந்தம். அது பல்லவர் காலத்தில் தமிழ்நாட்டில் வளர்ந்த எழுத்து. நாம் இன்றைக்கும் புழங்கும் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். அதற்கு முன்னால் வட்டெழுத்து இரண்டு நாட்டுக்கும் பொதுவாக இருந்தது. பணிக்கரின் சுழிகளில் எந்த ஊரின் எழுத்து எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கஷ்டம். பாலக்காட்டுக் கணவாயில் காற்றுக்குக் கோடு கிழிக்கிற மாதிரி.

எல்லோருக்கும் பிடித்ததா என்றால், இல்லை. ஒரே முறையைத் திரும்பத் திரும்ப வரைகிறார் என்றவர்கள் உண்டு. மந்திரம், யந்திரம் என்று காட்டினால் வெளிநாட்டில் விலை போகும் என்ற விமர்சனம் அந்தக் காலத்தில் இந்த மாதிரி ஓவியங்கள் எல்லாவற்றின் மீதும் இருந்தது. முதல் குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வரிசையின் எல்லாப் படமும் ஒரே கனம் அல்ல. இரண்டாவது இவருக்குப் பொருந்தவில்லை. யந்திரத்தின் புனிதத்தைக் காட்டிப் பிழைக்க நினைக்கிறவர் அதன் பக்கத்தில் கணக்கு நோட்டின் குறிகளைக் கொண்டுவந்து உட்கார வைக்க மாட்டார்.

வரைந்தால் சோறு கிடைக்குமா?

பணிக்கரின் இன்னொரு பெரிய வேலை கேன்வாஸுக்கு வெளியே நடந்தது. 18 வயதில் படம் வரைவதை ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போனவர் அவர். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது, தன் மாணவர்களுக்கும் அதே கதை காத்திருப்பது தெரிந்தது. படிப்பு முடியும். அப்புறம்? மெட்ராஸில் அன்றைக்கு நவீன ஓவியம் வாங்க ஆள் இல்லை. விளம்பரக் கம்பெனி, துணி டிசைன், டிராயிங் மாஸ்டர் வேலை. அதோடு ஓவியன் காலி.

1960-களின் தொடக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். ஓய்வு நேரத்தில் பாத்திக் துணி போடுவது. மெழுகை உருக்கித் துணியில் கோலமிட்டு, சாயத்தில் முக்கி, மெழுகை எடுத்தால் மெழுகு பட்ட இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். அதுதான் பாத்திக். இதோடு தோல், உலோகம், மண் வேலைகளும். ஓவியம் வாங்காத ஊர் பாத்திக்கை ஆசையாக வாங்கியது. பணம் சேர்ந்தது.

அந்தப் பணத்தை அவர்கள் பங்கு போட்டுச் செலவழிக்கவில்லை. 1966-ல் மெட்ராஸுக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். கிட்டத்தட்ட 40 பேர் சேர்ந்து தொடங்கிய கிராமம். இன்றைக்கு ஈசிஆரில் அந்த இடத்தின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அன்று அது வெறும் மணல். வசதி என்று எதுவும் கிடையாது. அங்கே குடிசை போட்டு, பிறகு வீடு கட்டி, பகலில் கைவினை, மற்ற நேரத்தில் ஓவியம் என்று வாழ ஆரம்பித்தார்கள்.

பெயர் வைத்தார்கள்: சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் என்று திரிந்த சொல்லின் அசல். மலையாளி முன்னின்று தொடங்கிய கிராமத்துக்குச் சோழர் பெயர்.

கணக்கு எளிமையானது. வயிற்றுக்கு பாத்திக் பார்த்துக்கொள்ளும். எனவே ஓவியத்தை யாருக்கும் பிடிக்கிற மாதிரி வரைய வேண்டியதில்லை. யாருக்கும் புரியாத எழுத்தை ஒருவர் 13 வருடம் வரைய முடிந்தது என்றால், ஒரு ஊரே அப்படி வரைய இடம் கொடுத்தது என்றால், அதற்குப் பின்னால் இந்த மெழுகும் சாயமும் இருக்கின்றன. பணிக்கரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறியீடுகளைப் பற்றி நிறையப் பேசுவார்கள், துணியைப் பற்றிக் கொஞ்சம்தான் பேசுவார்கள். இரண்டும் ஒரே கையின் வேலை.

அங்கே சேர்ந்தவர்களின் பட்டியலே ஒரு சின்ன இந்தியா. மைசூரில் இருந்து எஸ்.ஜி. வாசுதேவ். பம்பாயில் பிறந்த ஜே. சுல்தான் அலி. கேரளத்தின் வி. விஸ்வநாதன், கே.வி. ஹரிதாசன். தமிழ்நாட்டின் எம். சேனாதிபதி, கே. ராமானுஜம். கனவு நகரங்களைக் கறுப்பு மையில் நெய்த ராமானுஜம் 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, இறந்துபோனார். சுல்தான் அலி பழங்குடி வடிவங்களுக்கு நடுவே தன் போக்கில் எழுத்தைக் கொண்டுவந்தார். எல்லோரும் பணிக்கர் மாதிரி வரையவில்லை. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு பாட்டி கதை, ஆளுக்கொரு கோடு.

கலைப் பள்ளியில் அவர் முதல்வராக இருந்த காலத்தில் படித்த தமிழர்களும் இதே மாதிரித்தான் தங்கள் வழியைத் தேடினார்கள். திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் இருந்து வந்த கே.எம். ஆதிமூலம் அவர்களில் ஒருவர். காந்தியைக் கோடுகளிலேயே வரைந்து குவித்தவர். தமிழ் சிற்றிதழ்களின் அட்டைகள், புத்தகத் தலைப்பு எழுத்துகள், கி. ராஜநாராயணன் எழுத்துக்கு வரைந்த கரிசல் காட்டு முகங்கள் என்று தமிழ் வாசகர்கள் அவர் கோடுகளைப் பெயர் தெரியாமலேயே பார்த்திருப்பார்கள். தமிழ் எழுத்துக்கு அச்சில் ஒரு புது முகம் கிடைத்ததில் ஆதிமூலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு என்ன ஆனது?

1967-ல் பணிக்கர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றார். சோழமண்டலத்திலேயே வரைந்தார். 1976-ல் லலித் கலா அகாடமி தன் உயரிய கௌரவமான ஃபெல்லோஷிப்பை அவருக்கு வழங்கியது. அடுத்த ஜனவரியில், 1977-ல், சென்னையில் காலமானார். வயது 65. மகன் எஸ். நந்தகோபால் உலோகச் சிற்பியாகப் பெயர் பெற்று, 2017-ல் இறக்கும் வரை அந்தக் கிராமத்தை நடத்துவதில் முன்னால் நின்றார்.

பணிக்கர் எந்த மாநிலத்துக்காரர் என்ற கேள்வி இன்னும் அவ்வப்போது வரும். பிறப்பைப் பார்த்தால் கோவை. தாய்மொழியைப் பார்த்தால் மலையாளம். படிப்பு, வேலை, மாணவர்கள், மரணம் எல்லாம் சென்னை. அவர் பிறந்தபோது இந்த மூன்றும் ஒரே மாகாணம். திருவனந்தபுரம் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அங்கே மியூசியம் வளாகத்தில் அவர் ஓவியங்களுக்கென்றே தனி அரங்கு இருக்கிறது. ராஜா ரவி வர்மாவின் ஓவியங்கள் உள்ள அதே வளாகம்தான். தமிழ்நாட்டின் கணக்கில் அவருடைய பெரிய நினைவுச் சின்னம் சோழமண்டலம். பிறந்த கோவைக்குப் பங்கு கேட்க யாரும் வந்த மாதிரி தெரியவில்லை. கேட்டால் தப்பில்லை.

எங்கே பார்க்கலாம்?

திருவனந்தபுரம் போகிறவர்கள் மியூசியம் வளாகத்தில் உள்ள கே.சி.எஸ். பணிக்கர் அரங்கைப் பார்க்கலாம். டெல்லி தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பிலும் அவர் படங்கள் உண்டு. சென்னையில் இருப்பவர்களுக்கு இஞ்சம்பாக்கம்தான் பக்கம். ஈசிஆரில் மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே சோழமண்டலம் வரும். 2009-ல் திறந்த அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் ஓவிய இயக்கத்தின் படங்களும் சிற்பங்களும் இருக்கின்றன. வெளியே மர நிழலில் கல்லும் உலோகமுமாகச் சிற்பங்கள் நிற்கும்.

குழந்தைகளைக் கூட்டிப் போனால், படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பைப் படித்துக் காட்டும் முன்னால் அவர்களைக் கொஞ்ச நேரம் சும்மா பார்க்க விடுங்கள். இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதுப் பிள்ளைகள் அதில் மீனையும் பாம்பையும் நம்மைவிட முதலில் கண்டுபிடித்துவிடுவார்கள்.